எலும்பு சேர்ந்துடுச்சு, கை இன்னும் நம்பல

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, தென்னாப்பிரிக்கால, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். போன நவம்பர்ல டர்பன் சைக்கிள் ட்ராக்ல ஸ்கிராட்ச் ரேஸ் (எல்லாரும் ஒண்ணாக் கிளம்பி, கோட்ட முதல்ல தாண்டறவங்க ஜெயிக்கறது) ஓட்டுறப்ப முன்னாடி போனவங்க சறுக்கி விழுந்தாங்க, நான் அவங்க மேலயே போய் விழுந்துட்டேன். இடது பக்கம் காரை எலும்பு உடைஞ்சு பிளேட் வச்சாங்க. நாலரை மாசம் ஆச்சு, எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டர் ஓட்டலாம்னுட்டார். ஆனா வளைவு வந்தாலே கை இறுகிப் போய் ஸ்பீட குறைச்சிடுறேன். வீட்டுக்காரர் போதும் விட்டுடுங்கறார். அடுத்த மாசம் கிளப் ரேஸுக்குப் பேர் குடுக்கலாமா? சித்ரா பௌர்ணமிக்கு நான் காவடி எடுக்கறதா அம்மா வேற வேண்டியிருக்காங்க.

பதில்: தங்கச்சி, பேர் குடுங்க, ஆனா ஸ்கிராட்சுக்கு வேணாம். ஏன்னு சொல்றேன்.

எனக்கு மணிக்கட்டு உடைஞ்சப்ப கட்டு பிரிச்ச கையோட ஏழாவது வாரமே கூட்டத்துக்கு நடுவுல போய் நின்னேன், சீசன் கடைசி ரேஸ், விட மனசில்ல. ட்ராக் வளைவெல்லாம் வெளிப்பக்கம் உயர்ந்த சரிவுதானே, ரெண்டாவது வளைவுல ஹேண்டில்பார அழுத்திப் பிடிக்க முடியாம பைக் ஒரு அடி மேல விலகிடுச்சு, வலது பக்கம் வந்துட்டிருந்த பொண்ணு எப்படித்தான் தப்பிச்சாளோ, அவ கத்துன சத்தம் இன்னும் காதுல இருக்கு. கூட்டத்துல நம்ம பயம் நம்மளோட நிக்கறதில்ல, பின்னாடி வர்றவங்க தலையில போய் விழுது. ரோட்டு பைக்குன்னா பிரேக் இருக்கு, கால நிறுத்திட்டு உருளலாம். ட்ராக் பைக்ல ரெண்டுமே கிடையாது, சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்தும், பயந்து திடீர்னு கால இறுக்குனா பைக் நம்மளத் தூக்கி அடிக்கும். சரிவுல டயர் பிடிச்சு நிக்கறதே வேகத்தாலதான், அங்க போய் வேகத்த விட்டா கீழ சறுக்கும். ஆக நீங்க பாதுகாப்புன்னு நெனச்சு செய்யறதே உங்களுக்கு எதிரா வேலை செய்யுது.

டாக்டர் எலும்பத்தான் பாத்திருக்கார். இன்னொண்ணு நீங்களே பாக்கணும். தலைய வலது பக்கம் திருப்புற தசையோட ஒரு முனை இடது காரை எலும்புலதான் வந்து ஒட்டுது, உங்களுக்கு உடைஞ்சதும் அதே எலும்பு. ட்ராக்ல நாம எப்பவும் இடது பக்கமாவே சுத்தறோம், தாண்டி வர்றவங்க வலது பக்கம்தான் வருவாங்க, அங்க திரும்பிப் பாக்காம ஒரு அடி கூட மேல ஏறக் கூடாது. அதனால வீட்ல ரோலர்ஸ் (நின்ன இடத்துலயே சைக்கிள் ஓட்டற உருளைங்க) இருந்தா ஏறுங்க, கைய டிராப்ஸ்ல, அதான் ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல வச்சுக்கோங்க, மகனயோ மகளயோ வலது பக்கம் பின்னாடி நின்னு விரல் காட்டச் சொல்லுங்க. திரும்பிப் பாத்து மூணா நாலான்னு சொல்லணும், முன் சக்கரம் ரோலர் நடுவுலயே ஓடணும். பத்து தடவையும் சரியா வந்தா கழுத்து தயார். சக்கரம் ஓரத்துக்கு ஓடுச்சுன்னா பிசியோகிட்ட இன்னும் கொஞ்ச வாரம் போங்க, அதுவரைக்கும் ப்ளூ லகூன்ல இருந்து உஷாக்கா வரைக்கும் கடற்கரை ஓரமா காலைல சாதா பைக்ல போய்ட்டு வாங்க, காலுக்கு அது போதும்.

அப்புறம் ட்ராக்ல யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் போங்க. முதல்ல ட்ராக்ல கீழ இருக்கற கருப்புக் கோட்டு மேல, அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம்னு நாள் கணக்குல மேல ஏறுங்க, ஒரே நாள்ல வேணாம். கண்ணு முன் சக்கரத்துல இருக்கக் கூடாது, வளைவு முடியற இடத்துல இருக்கணும், முழங்கை கொஞ்சம் மடங்கி தளர்வா இருக்கணும். கை இறுகுதுன்னு தோணுனா மூச்ச வெளிய விட்டு விரல ஒருதடவ அசைச்சுப் பாருங்க. நம்மளது திறந்தவெளி கான்கிரீட்டு, மழ பேஞ்ச சாயங்காலம் தரை காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ஏறாதீங்க. அதுக்கப்புறம் நீங்க நம்புற ஒரே ஒருத்தர் பின் சக்கரத்துல ஒட்டி ஓட்டுங்க, அவர் ஸ்பீட ஏத்த ஏத்த நீங்களும்.

முதல் ரேஸ் பர்சூட்டோ (ட்ராக்கோட எதிரெதிர் பக்கத்துல இருந்து கிளம்பறது) 200 மீட்டர் ஃப்ளையிங்கோ (ஓடற வேகத்துலயே தனியா 200 மீட்டருக்கு நேரம் எடுக்கறது) எடுங்க, பக்கத்துல முட்டறதுக்கு ஆளே கிடையாது, கடிகாரம் மட்டும்தான். ஸ்கிராட்ச் அதுக்கப்புறம், கெய்ரின் (முன்னாடி போற மோட்டார் பைக் வேகத்த ஏத்திட்டு விலகுனதும் எல்லாரும் ஒண்ணாப் பாயறது) எல்லாத்துக்கும் கடைசியா.

கிளப்புல யாராவது மலேசியா சைக்கிள் வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங் கதையச் சொல்லி உசுப்பேத்துவாங்க. 2011ல மான்செஸ்டர்ல கெய்ரின்ல விழுந்து கெண்டைக்கால்ல 20 சென்டிமீட்டர் மரச்சிராய் குத்தி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நீட்டிட்டு நின்னப்பவும் எழுந்து ஓட்டி கோட்டத் தாண்டினாரு, உண்மைதான். எனக்கு அதவிடப் பெருசு அதுக்கப்புறம் வந்த வருஷங்கதான், ரியோ ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் 2016ல, உலக சாம்பியன் ஆனது 2017ல. அஞ்சாறு வருஷம் ஆயிருக்கு, உங்களுக்கு அஞ்சாறு வாரம் கூடுனா என்ன?

காவடி விஷயம்: தோள்ல பாரம் வச்சு இந்த வருஷம் வேணாம்மா. பிளேட் இருக்கற எலும்பு மேலயே கட்டை அழுத்தும். பால்குடம் எடுங்க, அதுவும் சின்னதா, அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, முருகன் கோச்சுக்க மாட்டான். பிளேட்ட என்னைக்காவது எடுக்கறதா இருந்தா அதுக்கப்புறமும் ஸ்க்ரூ இருந்த ஓட்டை மூடறவரைக்கும் எலும்பு பலவீனமாத்தான் இருக்கும், உடனே ரேஸுக்கு ஏறிடாதீங்க, எவ்வளவு நாள்னு சர்ஜன்கிட்ட கேட்டுக்கோங்க.

வீட்டுக்காரர்கிட்ட வாதாடாதீங்க, அவர் ஆஸ்பத்திரில உக்காந்திருந்த ராத்திரி அவருக்கு மறக்காது. பர்சூட்டுல ஸ்டார்ட் எடுக்கறப்ப பின்னாடி சீட்டப் பிடிச்சு நிக்க ஒரு ஆள் வேணும்ல, அவரக் கூப்பிடுங்க.

கேள்வி: மகன் ட்ராக்ல விழுந்தான், அடி ஒண்ணும் இல்ல. ஹெல்மெட்ல சின்னக் கீறல்தான், அதையே போடலாமா? (டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: வேணாங்க. உள்ள இருக்கற நுரை ஒருதடவ நசுங்குனா நசுங்குனதுதான், வெளிய தெரியாது. புதுசு வாங்குங்க. ஹேண்டில்பார் கார்பன்னா அதையும் கடைல கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுதுன்னு ஏதாவது சொன்னானான்னு கேளுங்க, ஆமான்னா டாக்டர் பாக்கறவரைக்கும் பைக் பூட்டியே இருக்கட்டும்.