தோப்புக்குள் ஓடும் காருக்கு நம்பர் கிடைக்குமா?

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உழைத்து, 1950 வாக்கில் வந்த எம்.ஜி. டி.டி. மாதிரியே இரண்டு சீட் திறந்த கார் ஒன்றை நானே கட்டி முடித்திருக்கிறேன். அடிச்சட்டமான சேஸ் நான் வெல்டு செய்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் 2004 மாடல் மாருதி 800-இலிருந்து எடுத்தவை. பாடி அலுமினியத் தகடு. எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'இதெல்லாம் முடியாது' என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு புரோக்கர், 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றின் ஆர்.சி. புத்தகத்தை 60,000 ரூபாய்க்குத் தருகிறாராம். அதன் நம்பரை என் சேஸில் அடித்துவிட்டால் விண்டேஜ் நம்பரே வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கலாமா? கோர்ட்டுக்குப் போனால் நேர்வழியில் நம்பர் கிடைக்குமா? இரண்டு நண்பர்கள் தங்களுக்கும் இதே மாதிரி ஒன்று செய்து தரச் சொல்கிறார்கள். இப்போதைக்குத் தோப்புக்குள் ஓட்டுகிறேன். எப்போதாவது விடியற்காலையில் கோயில் வரை போய் வருவதுண்டு.

பதில்: புரோக்கரிடம் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் உங்களுக்குப் பெரிய ஆபத்து இருக்கும் இடம் அதுதான். மற்றதில் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்டுக்கு பாடி வேறு, சேஸ் வேறு. அதனால்தான் இந்த மாதிரி வேலைகளுக்கு எல்லோருக்கும் அந்தக் காரின் மேல் ஒரு கண். ஆனால் உங்களிடம் ஹெரால்டின் சேஸே இல்லை. அதன் புத்தகம் மட்டும்தான் வரப்போகிறது. செத்துப்போன காரின் நம்பரை உங்கள் சேஸில் அடித்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55(5) நேராக வந்து நிற்கும். பொய் ஆவணம் காட்டியோ உண்மையைத் திரித்தோ வாங்கிய பதிவு என்று தெரிந்தாலும், வண்டியில் உள்ள சேஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டாலும், பதிவை ரத்து செய்துவிடுவார்கள். அது வாகனச் சட்டத்தோடு முடிந்துவிடாது. நம்பரை அடித்து, அதைக் காட்டி அரசாங்கத்திடம் சான்றிதழ் வாங்குவது பழைய இ.பி.கோ.வின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்று, பொய் ஆவணம் என்ற தலைப்புகளில் தனி வழக்கு. அந்த ஹெரால்டு எங்காவது திருட்டு வண்டியாக இருந்துவிட்டால் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். புரோக்கர் அன்றைக்குப் போன் எடுக்க மாட்டார்.

இதைவிட மோசமானது இன்சூரன்ஸ். இப்படி வாங்கிய ஆர்.சி.யை வைத்துப் பாலிசி போட்டு, ஒரு விபத்தில் யாராவது அடிபட்டால், முக்கியமான உண்மையை மறைத்து வாங்கிய பாலிசி என்று கம்பெனி மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 150-இல் எதிர்வாதம் வைக்கும். தீர்ப்பாயம் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொன்னாலும், உங்களிடமிருந்து வசூலித்துக்கொள் என்ற வரியும் சேர்ந்தே வரலாம். பட்டறையும் தோப்பும் உங்கள் பெயரில்தானே இருக்கின்றன?

விண்டேஜ் நம்பர் கதைக்கும் அடிப்படை இல்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் விதிகள், முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேல் ஆன, அசல் நிலையில் பராமரிக்கப்பட்ட வண்டிகளுக்கானவை. சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. மாநிலக் கமிட்டி வண்டியைப் பார்க்கும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அப்படி வாங்கினாலும் தினம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. ஹெரால்டின் புத்தகத்தோடு மாருதி எஞ்சின் வைத்த எம்.ஜி.யைக் கொண்டுபோய் அந்தக் கமிட்டி முன் நிறுத்துவதை நினைத்தால் எனக்கே வேர்க்கிறது.

சரி, நேர்வழி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முடியாது என்றவரைத் திட்டுவதில் பயனில்லை. அவர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் தவறு.

ஒரு காரைப் புதிதாகப் பதிய, விதி 47-இன்படி படிவம் 20-உடன் விற்பனைச் சான்று படிவம் 21-உம், தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்று படிவம் 22-உம் வேண்டும். படிவம் 22-ஐ யார் தருவது? அந்த மாடலின் முன்மாதிரி வண்டியை விதி 126-இன்படி புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட், நம் ஒரகடத்தில் இருக்கும் மையம் போன்ற வாகனச் சோதனை மையம் ஒன்றில் சோதித்துச் சான்று வாங்கிய தயாரிப்பாளர். நம் சட்டம் கற்பனை செய்து வைத்திருப்பது ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் கார் செய்யும் தொழிற்சாலையை. ஒரே ஒரு கார் செய்யும் பட்டறைக்காரர் அதன் கண்ணில் படவே இல்லை. அந்தச் சோதனைகளில் 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதலும், 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டு மோதலும் உண்டு. நீங்கள் செய்தது ஒன்று. அதை இடித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருந்தது என்று சான்று கொடுத்தால் பிறகு எதைப் பதிவது?

அதற்கு முன்பே புகையில் மாட்டிக்கொள்வீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க புது வண்டி என்றால் பி.எஸ். 6 என்ற புகைத் தரம் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே இதில் கறாராகச் சொல்லிவிட்டது. உங்கள் காரைப் புதிதாகப் பதிய வேண்டுமென்றால் அது புது வண்டிதான். 2004 எஞ்சின் எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் அந்தத் தரத்துக்கு வராது.

வெளிநாட்டில் இருக்கும் மச்சான் யாராவது, இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கராஜில் கட்டிய காருக்கு நம்பர் வாங்கிவிட்டார் என்று படம் அனுப்பியிருப்பார். உண்மைதான். பிரிட்டனில் தனி ஒரு வண்டியை மட்டும் சோதித்து அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. எந்த வருடத்து வண்டி என்று சொல்ல முடியாதவற்றுக்கு கியூ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் கொடுப்பார்கள். கலிஃபோர்னியாவில் வருடத்துக்கு 500 வீட்டுத் தயாரிப்புக் கார்களுக்குப் புகை விதியில் சலுகை தரும் சட்டமே உண்டு. நம் நாட்டில் அப்படியொரு கதவு வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் என் கட்சியை நம்பி நீங்கள் வழக்குப் போடக் கூடாது.

வழக்கைப் பற்றிக் கேட்டீர்கள். வாய்வார்த்தை மறுப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. முறையாக விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் பிரிவு 45-இன்படி காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் பிரிவு 57-இல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். வழி இருக்கிறது, ஜெயிப்பீர்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியவில்லை. மாற்றியமைத்த வண்டிகள் பற்றிய ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று, உச்ச நீதிமன்றம் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று பிரிவு 52-க்கு இறுக்கமாகப் பொருள் சொன்னது. கம்பெனி வண்டியை மாற்றுவதற்கே இந்தக் கதி. கம்பெனியே இல்லாத வண்டிக்கு அதைவிட இளக்கம் காட்டச் சொல்லி எந்த நீதிபதியிடம் கேட்பது? அந்தச் செலவில் உங்கள் லேத்துக்குப் புது மோட்டார் போடலாம்.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து தேவராஷ்ட்ரே கிராமத்தில் ஒருவர் பழைய சாமான்களை வைத்து, உதைத்து ஸ்டார்ட் செய்கிற குட்டி ஜீப் ஒன்றைக் கட்டினார். 2021 டிசம்பரில் அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆனந்த் மஹிந்திரா பாராட்டியபோதே, விதிக்குப் புறம்பானது என்பதால் அதிகாரிகள் இன்றோ நாளையோ நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு பொலிரோ கொடுத்தார்கள். நாடே கைதட்டிய வண்டிக்கும் முடிவு இதுதான்.

இனி கோயில் பயணம். அதை இன்றோடு நிறுத்துங்கள். பதிவில்லாமல் ஓட்டினால் பிரிவு 192-இல் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் 5,000 முதல் 10,000 வரை, அல்லது ஒரு வருடம் வரை சிறை. பிரிவு 207-இல் வண்டியைப் பிடித்து நிறுத்தலாம். ஆறு வருட உழைப்பு ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய்வதைப் பார்க்க உங்களுக்கு மனசு வராது. பதிவு இல்லாததால் இன்சூரன்ஸும் இல்லை. விடியற்காலையில் பால்காரர் ஒருவர் குறுக்கே வந்தால் நஷ்டஈடு முழுக்க உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

தோப்புக்குள்? சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்கான விளக்கம், பிரிவு 2(28), தொழிற்சாலை அல்லது மற்ற அடைபட்ட வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி அமைந்த தனிவகை வண்டியை விட்டுவிடுகிறது. ஆனால் பிரிவு 39 பொது இடத்தில் மட்டுமல்ல, 'வேறு எந்த இடத்திலும்' என்றும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் காரில் ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் இருப்பதால், ரோட்டுக்கும் ஏற்ற வண்டிதானே என்று ஒருவர் வாதாட இடமுண்டு. 1974-இல் போலானி ஓர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'ஏற்றது' என்ற சொல்லை அப்படித்தான் படித்தது. நடைமுறையில், வேலி போட்ட சொந்த நிலத்தில், கேட்டைத் தாண்டாமல் ஓட்டுகிறவரைத் தேடி யாரும் வருவதில்லை. கேட்டைத் தாண்டும்போது லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்குப் பக்கம்தானே. டிராக் நாட்களில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பாதுகாப்புச் சோதனை அவர்களுடையது. கரிவரதன் ரேஸ் கார்களைக் கட்டிய ஊர், வீட்டுத் தயாரிப்பைப் பார்த்து முகம் சுளிக்காது.

ரோட்டில் ஓட்டியே தீர வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். உயிருள்ள ஆர்.சி. கொண்ட பழைய காரை வாங்கி, அதன் சேஸும் பாடியும் அசலாக இருக்க, பெயின்ட், சீட், உள்வேலை என்று அழகு செய்வது. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றுங்கள். அதே வகை எஞ்சின் மாற்றுவதற்கும் முன் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிரிவு 182ஏ-இல் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் கட்டியிருப்பது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

நண்பர்களுக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தால் நீங்கள் தயாரிப்பாளர். அதே 182ஏ-இன் முதல் உட்பிரிவில் தண்டனை ஒரு வருடம் வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். முன்னால் அந்த எட்டுக்கோண எம்.ஜி. முத்திரையை ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அவ்வளவு பழைய வடிவத்துக்கு டிசைன் உரிமை எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் முத்திரை இன்றும் உயிரோடிருக்கும் வணிகச் சின்னம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எஞ்சினைக் கழற்றிய மாருதி 800-இன் ஆர்.சி. இன்னும் உங்கள் பீரோவில்தான் இருக்கிறதா? வண்டி ஓட்டத்துக்கு உதவாமல் போனால் 14 நாளுக்குள், முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது பிரிவு 55. தாமதமானாலும் ஒரு கடிதத்தோடு ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டை அந்த பில்களோடு ஃபைலில் வையுங்கள். நாளைக்கு இன்னொரு புரோக்கர் அந்தப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு உங்கள் பட்டறைக்கே வருவார்.