எச்-1பி, முதுகுவலி, டெக்சாஸின் கஞ்சா மருந்து

தம்பி, ஆஸ்டின் வந்து நாலு மாதம் ஆகிறது, எச்-1பி வேலை விசா, நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டுக்கு இனிமேல்தான் போடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதுகில் டிஸ்க் விலகி மூன்று வருட வலி. டாக்டர், “இப்போது சட்டம் மாறிவிட்டது, கஞ்சா மருந்து எழுதித் தரட்டுமா?” என்கிறார். ஆபீஸ் நண்பர் “எல்லாம் லீகல்தான்” என்கிறார். இன்னும் புது விதிகள் வருகின்றனவாமே, வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வாங்காதீர்கள். குறைந்தபட்சம், ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசும்வரை வாங்காதீர்கள்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. 2015-ல் டெக்சாஸ் கஞ்சா மருந்தை முதலில் அனுமதித்தது வலிப்பு நோயாளிகளுக்கு மட்டும், அதுவும் 0.5 சதவீத டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்). 2021-ல் ஒரு சதவீதமாக்கி, எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நாள்பட்ட வலியும் பட்டியலில் வந்துவிட்டது. சதவீதக் கணக்கு போய், ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் என்று அளவு வைத்தார்கள். மூன்றே கம்பெனிகளுக்கு இருந்த உரிமத்தைப் பதினைந்தாக்கவும் வழி செய்தார்கள். நோயாளி அட்டை எதுவும் கிடையாது. டாக்டர் உங்கள் பெயரை மாநிலப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். அந்தப் பதிவேட்டை நடத்துவது சுகாதாரத் துறை இல்லை, பொதுப் பாதுகாப்புத் துறை. அதாவது, ஹைவேயில் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்களே, அதே துறைதான். இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது.

நீங்கள் கேட்ட புது விதிகள் விஷயம்: முன்மொழியும் விதிகளை மாநில அரசிதழில் போட்டு, மக்கள் கருத்துச் சொல்ல முப்பது நாள் விடுவார்கள். அதில் உரிமம், கிடங்கு, இன்ஹேலர் என்று என்ன வேண்டுமானாலும் மாறலாம். உங்கள் விசாவைத் தொடும் அதிகாரம் மட்டும் ஆஸ்டினில் இருக்கும் மாநில அரசுக்குக் கிடையாது. விசா வாஷிங்டன் சமாச்சாரம். அங்கே 1970-ம் வருடச் சட்டத்தில் கஞ்சா, ஹெராயினோடு சேர்த்து, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைக்கப்பட்டது. அதை மூன்றாம் அட்டவணைக்கு இறக்க 2024 மே மாதம் நீதித்துறை முன்மொழிந்தது, 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அதைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஆணை போட்டார். அதை நம்பியும் இறங்க வேண்டாம். மூன்றாம் அட்டவணையில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான், குடிவரவுச் சட்டம் பார்ப்பது அதைத்தான்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. கேஸ், கோர்ட், தண்டனை எதுவும் இல்லாமலே மாட்டலாம். ‘வைத்திருந்தேன், உபயோகித்தேன்’ என்று அதிகாரியிடம் முறைப்படி ஒப்புக்கொண்டாலே, கிரீன் கார்டை மறுக்க அது காரணமாகலாம். மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் குடியுரிமைக்கு இது தடையாகும் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. அதற்காகப் படிவத்தில் ‘இல்லை’ என்று பொய்யும் எழுதிவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய குழி.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2022-ல் என் கணவருக்குப் புற்றுநோய், கீமோ சிகிச்சை. சாதம் வேகும் வாசனைக்கே வாந்தி. டாக்டர் இந்த மருந்தை எழுதினார். என் கணவர் அமெரிக்கக் குடிமகன், நான் அப்போது கிரீன் கார்டு. மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். வாசலில் நின்ற பையன் “நீங்களே கையெழுத்துப் போடலாமே மேடம்” என்று டேப்லெட்டை நீட்டினான். எனக்குக் கை நீளவில்லை. உள்ளே போய் அவரை எழுப்பினேன். மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு, தோளில் துண்டோடு வந்து போட்டுவிட்டுப் போனார். அந்தப் பாட்டிலை நான் தொட்டதே இல்லை, அவர் மேஜை டிராயரில்தான் இருந்தது. “சாகக் கிடந்தவனை எழுப்பிக் கையெழுத்து வாங்கினவள்” என்று இன்றைக்கும் விருந்தாளிகள் முன்னால் சொல்லிக் காட்டுவார்.

அடுத்த வருடம் குடியுரிமை நேர்காணல். படிவத்தில் ‘எப்போதாவது’ என்ற வார்த்தை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். அதிகாரி சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கேள்வியாக டிக் அடித்துக்கொண்டே வந்தார், போதைப்பொருள் கேள்வியில் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். தயங்காமல் “இல்லை” என்றேன். உண்மையே அதுதான் என்பதால் சொல்ல முடிந்தது.

டிசம்பரில் அம்மா வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கே ஸ்மோக் ஷாப்புகளில் டி.எச்.சி. கலந்ததை ‘கம்மி’ என்று மிட்டாய் மாதிரி விற்கிறார்கள். பெயர்தான் கம்மி, சரக்கு கம்மி இல்லை. மூட்டுவலிக்கு நல்லது என்று யாராவது அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். திரும்பும்போது அது பையில் இருந்து சென்னையில் பிடித்தால், நம் ஊர் 1985 போதைப்பொருள் சட்டம். எழுபது வயதில் அவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

உங்கள் டாக்டரிடம் “விசா காரணமாக இது வேண்டாம்” என்று நேராகவே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள், வருடத்துக்கு எத்தனை முறை என்று இன்சூரன்ஸில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை அம்மா கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், கூடவே கற்பூராதித் தைலம் இரண்டு பாட்டில். செக்-இன் பெட்டியில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி.