சுவர் மட்டும் ஏன் நிக்குது? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா. ஜப்பான்ல ஹகின்னு ஒரு ஊரைப் பத்தி போன வாரம் ரெண்டு வரி எழுதியிருந்தீங்க. படிச்சிட்டு போட்டோவா தேடிப் பாத்தேன். சாமுராய் தெருன்னு போட்டிருக்காங்க, ஆனா பாதி இடத்துல நீளமா மண்சுவரு, அதுக்கு மேல ஆரஞ்சு மாதிரி பழம் எட்டிப் பாக்குது, வீட்டையே காணோம். எல்லாம் எங்க போச்சு? தெருவும் திடீர் திடீர்னு மடங்குது, பிளான் இல்லாம கட்டுன ஊரா?
– ஒரு வாசகர் (பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார்)

தம்பிக்கு,

பிளான் இல்லாம இல்லப்பா, அந்த ஊர்ல எல்லாமே பிளான்தான். 1600ல செகிகஹாரா போர்ல மோரின்னு ஒரு பிரபு வம்சம் தோத்த பக்கம் மாட்டிக்கிச்சு, ஜெயிச்ச தொகுகவா இயெயாசு அவங்க நிலத்துல பெரும்பகுதியைப் பிடுங்கிட்டு சுவோ, நகாதோன்னு ரெண்டே மாகாணத்தை விட்டு வச்சாரு. ஹிரோஷிமா கோட்டையில இருந்த வம்சத் தலைவர் மோரி தெருமோதோ அதை விட்டுட்டு, 1604ல ஆறு ரெண்டா பிரிஞ்சு கடல்ல சேர்ற, இப்ப ஹகி இருக்குற அந்த மணல் திட்டுக்கு வந்து, ஓரத்துல இருந்த ஷிசுகி மலையடியில கோட்டை கட்டினாரு.

ஒருத்தன் எவ்வளவு பெரிய ஆளுன்னு தெரியணும்னா அவன் வீடு கோட்டைக்கு எவ்வளவு பக்கம்னு பாத்தா போதும். அகழிக்கு உள்பக்கம் ஹோரியுச்சி, அங்க மேல்மட்டத்து ஆளுங்க, ஒவ்வொருத்தருக்கும் பெரிய பெரிய மனை. அகழிக்கு வெளிய நடுத்தர, சின்ன சாமுராய்ங்க, அவங்களோட வியாபாரிங்க. ஒரு சந்துக்கு கிகுயான்னு வியாபாரி வீட்டுப் பேருதான் இன்னிக்கும் இருக்கு, பின்னாடி தொகுகவா வம்சத்தோட ராணுவ ஆட்சியான ஷோகுனேட்டையே ஆட்டி வச்ச தகசுகி ஷின்சாகு பொறந்த வீடும் அதே சந்துலதான்.

தெரு மடங்குறதுக்கு அங்க கைமகரின்னு பேரு. சாவி மாதிரி வளைவுன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு மேல சுவர், நேரா போற மாதிரி இருக்கும், சட்டுனு செங்கோணமா திரும்பும், உள்ள வந்த எதிரிக்கு அடுத்து என்ன இருக்குன்னே தெரியக்கூடாது. அதுக்காகவே கட்டினது. மறுபடி ஒருத்தன் படையோட வருவான்னு பயந்துகிட்டே போட்ட தெரு அது, தோத்துட்டு வந்தவங்க இல்லையா.

இப்ப வீட்டு விஷயம், எனக்கு மனசுல ரொம்ப தைக்கிறது இதுதான். 1863ல மோரி பிரபு தன்னோட தலைநகரை ஹகியில இருந்து யமகுச்சிக்கு மாத்திட்டாரு, பின்னாடியே நிறைய குடும்பம் கிளம்பிடுச்சு. 1871ல பிரபுக்களோட ஆட்சியே போச்சு, 1874ல கோட்டையைப் பிரிச்சு எடுத்துட்டாங்க, 1876ல சாமுராய்களுக்குப் பரம்பரையா வந்துட்டு இருந்த படியும் நின்னு போச்சு. கையில வாள் இருக்கு, வீட்ல அரிசி இல்ல. அதே வருஷம் ஊர்ல ஒரு கலகமும் நடந்து அடக்கிட்டாங்க.

அந்த வருஷந்தான் ஒபாதா தகமசான்னு ஒரு பழைய சாமுராய், வேலை போனவங்க பொழைக்கணும்னு நத்சுமிகான் கன்னு நட வைக்க ஆரம்பிச்சாரு. நீ போட்டோல பாத்த பழம் அதுதான். காலியா கிடந்த பெரிய மனையெல்லாம் தோப்பாச்சு. கடல் காத்து மரத்தை அடிக்காம இருக்க மறைப்பு வேணும், அதனால வீட்டைப் பிரிச்சவங்க சுவரைப் பிரிக்கல. யாரும் வரலாறைக் காப்பாத்தணும்னு நினைச்சு விட்டு வைக்கல தம்பி, ஆரஞ்சைக் காப்பாத்த விட்டு வச்சாங்க, அதுல வரலாறும் தப்பிச்சுக்கிச்சு. ஹோரியுச்சியையும், கைமகரி இருக்குற ஹியாகோவையும் 1976லதான் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அரசாங்கம் அறிவிச்சுது, அதுக்குள்ள நூறு வருஷம் அந்த மரங்கதான் காவல்.

சுவரை ஜூம் பண்ணிப் பாரு, சில இடத்துல மண்ணுக்கு நடுவுல கூரை ஓடுகளை வரிசை வரிசையா படுக்க வச்சுக் கட்டியிருப்பாங்க, ஓரம் மட்டும் சாம்பல் கோடா தெரியும். வீடே பாக்கணும்னா, அசா மோரி குடும்பத்தோட நகயா ஒண்ணு நிக்குது, 1856ல கட்டினது, 51 மீட்டருக்கு மேல நீளம், அகலம் வெறும் 5 மீட்டர். அதுவும் எஜமான் வீடு இல்ல, வேலையாட்கள் தங்குற வரிசை. அதுவே இவ்வளவுன்னா உள்ள இருந்த வீடு எப்படி இருந்திருக்கும்னு நீயே நினைச்சுப் பாரு.

நேர்ல போறதா இருந்தா மே மாசம் போ. அந்தப் பழம் குளிர்காலத்துல வாயில வைக்க முடியாத புளிப்பு, அதனால மரத்துலயே விட்டு வச்சு அடுத்த கோடையிலதான் திம்பாங்க, பேருலயே கோடை இருக்கு. மே மாசம் புதுப் பூவும் போன வருஷத்துப் பழமும் ஒரே கிளையில இருக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் நடந்து போறவனுக்கே வாசனை வரும்.

அன்புடன்,
அக்கா