இருட்டிய பின் முகாமுக்குள் அழைத்துச் செல்பவரை நம்பலாமா?

கேள்வி: நான் எச்-1பி விசாவில் ஜெர்ஸி சிட்டியில் வேலை பார்க்கிறேன். மதுரையில் இருக்கும் என் தம்பி ஆகஸ்டில் பார்வையாளர் விசாவில் வருகிறான். இருவரும் சிறு வயதிலிருந்தே திகில் பட ரசிகர்கள். செர்ரி ஹில்லில் நடக்கும் திகில் பட ரசிகர் கன்வென்ஷனுக்கு மூன்று நாள் பாஸ் வாங்கிவிட்டோம். ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ முதல் படம் எடுக்கப்பட்ட முகாமையும் பார்க்க ஆசை. முகநூல் குழு ஒன்றில் ஒருவர், ஆளுக்கு 150 டாலர் கொடுத்தால் இருட்டிய பிறகு முகாமுக்குள் அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார். பாதிப் பணத்தை இப்போதே ஸெல் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்ப வேண்டுமாம். போகலாமா? கன்வென்ஷனின் தங்குமிடப் பிரிவிலிருந்து பேசுவதாக வேறொருவர் தொலைபேசியில் அழைத்து, அறைகள் தீரப்போகின்றன என்று அவசரப்படுத்துகிறார். அதை நம்பலாமா?

பதில்: இரண்டுக்கும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதே. கன்வென்ஷனுக்குப் போங்கள், முதல் படத்தின் ஊர்க் காட்சிகள் எடுக்கப்பட்ட பிளேர்ஸ்டவுனுக்கும் போங்கள்; அந்த மனிதருடன் முகாமுக்குள் மட்டும் போகாதீர்கள், அந்தத் தொலைபேசிக்காரரிடம் அட்டை எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்.

நீங்கள் பார்க்க விரும்பும் முகாம் படத்துக்காகப் போடப்பட்ட செட் அல்ல. நியூ ஜெர்ஸியின் வடமேற்கில், ஹார்ட்விக் என்ற சிறிய ஊராட்சியில், நோ-பி-போ-ஸ்கோ என்ற பெயரில் 1927 முதல் இயங்கிவரும் சாரணர் முகாம் அது. 1979ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பிள்ளைகள் இல்லாத பருவத்தில், இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம் தன் குழுவுடன் அங்கே படம் எடுத்தார். 1980 மே மாதம் படம் வெளிவந்தது. அதற்குப் பிறகும் அது சாரணர் முகாமாகவே இருக்கிறது. நீங்கள் போக நினைக்கும் ஆகஸ்ட் மாதம் கோடைக்கால முகாம் பருவத்தில் வருகிறது. பிறர் வீட்டுப் பிள்ளைகள் இரவில் தங்கும் இடத்துக்குள், அவர்களுக்கு அறிமுகமில்லாத மூன்று ஆண்கள் இருட்டில் நுழைந்தால், அங்கே பொறுப்பில் இருப்பவர் என்ன நினைப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள். அவர் உங்களிடம் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். நேராகக் காவல்துறையைத்தான் அழைப்பார்.

சட்டத்தின் நுணுக்கங்களுக்குள் உங்களை இழுக்க நான் விரும்பவில்லை, ஆனால் சாரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நுழையக்கூடாது என்று பலகை வைத்திருக்கும் தனியார் நிலத்துக்குள் தெரிந்தே நுழைவது நியூ ஜெர்ஸியில் குற்றம்; அதற்கு 30 நாள் வரை சிறையும் 500 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். குடிலுக்குள் கால் வைத்துவிட்டால் குற்றம் இன்னும் ஒரு படி ஏறும். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு இது ஒரு நீதிமன்ற அலைச்சலோடு முடிந்துவிடக்கூடிய சமாச்சாரம். உங்களுக்கு அப்படி முடியாது. விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160 கேட்பது தண்டனையை மட்டும் அல்ல, எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்பதையும் சேர்த்துத்தான். மன்னிக்கப்பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும் என்று அந்தக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறது. அடுத்த முறை சென்னைத் துணைத் தூதரகத்துக்கு விசா முத்திரைக்காக நீங்கள் போகும்போதும், உங்கள் தம்பி பிற்பாடு வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போதும், அந்த ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டு, ஒரு திகில் படத்தின் மீதிருந்த ஆசையால் நடந்தது என்று அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அந்த அதிகாரிக்கு உங்களிடம் செலவிடச் சில நிமிடங்களே இருக்கும் என்பதும், முகத்தைப் பார்த்துப் பேச இடமே இல்லாத அளவுக்கு அந்த வரிசை நீண்டிருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியாதது அல்ல.

முகநூல் மனிதருக்கோ இழப்பு எதுவும் இல்லை. உங்கள் பணம் ஏற்கெனவே அவர் கணக்கில் இருக்கும். ஸெல் என்பது கையில் ரொக்கம் கொடுப்பதற்குச் சமம். நீங்களே அனுமதித்து அனுப்பிய பணத்தை வங்கி திரும்ப வாங்கித் தராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். இத்தகையவர்களில் ஒரு வகையினர் பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுவார்கள். இன்னொரு வகையினர் உண்மையாகவே வந்து வேலியோரம் அழைத்துச் செல்வார்கள். முதல் வகையிடம் சிக்கினால் 150 டாலரோடு தப்பித்தீர்கள் என்பதால், இரண்டாம் வகையினரைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். முகாம் காவலாளி தனக்கு நண்பர் என்று அவர் சொல்வார். காவலாளியின் நட்பு நில உரிமையாளரின் அனுமதி ஆகிவிடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த விலக்கைத்தான் இடைத்தரகர்கள் திரித்து விற்கிறார்கள். முகாமின் ஒப்புதலோடு, பிள்ளைகள் இல்லாத பருவத்தில், ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் அதிகாரபூர்வச் சுற்றுலாக்கள் நடத்தப்படுகின்றன. ‘கிரிஸ்டல் லேக் டூர்ஸ்’ என்ற பெயரில் அதற்கென்று தனி இணையதளம் இருக்கிறது. முன்பதிவு அங்கே மட்டும்தான். வசூலாகும் பணம் முகாமின் பராமரிப்புக்கு உதவுகிறது. படத்தில் கிரிஸ்டல் லேக் என்று வரும் ஏரியை, உண்மையில் சாண்ட் பாண்ட் என்று அழைக்கப்படும் அந்த நீர்நிலையை, கரையில் நின்று பார்க்கலாம். படத்தில் வந்த குடில்களைக் காட்டுவார்கள். ஆக, ‘முகாமுக்குள் யாருமே போக முடியாது’ என்பதும் பொய், ‘பணம் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம்’ என்பதும் பொய். அறிவிக்கப்பட்ட நாளில், உங்கள் பெயரில் பதிவான சீட்டோடு, வாசல் வழியாகப் போனால் நீங்கள் விருந்தினர். அதே இடத்துக்கு வேறொரு நாளில் போனால் அத்துமீறியவர். அதிகாரபூர்வச் சீட்டை வேறொருவரிடமிருந்து கைமாற்றி வாங்குவதாக இருந்தால், பெயர் மாற்றம் செல்லுமா என்று அமைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, பதில் வந்த பிறகே பணம் கொடுங்கள். சீட்டுகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடுகின்றன என்பது பெரிய எரிச்சல்தான். வேலை பார்ப்பவன் பகல் நேரத்தில் கணினி முன் காத்திருந்து, கண் இமைப்பதற்குள் ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற வரியைப் பார்த்துவிட்டு எழுந்து போகும் முறையை வகுத்தவர்கள், இடைத்தரகர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்று வியப்பதில் பொருளில்லை. ஆனாலும் ஆகஸ்டில் உங்களுக்கு அந்த வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமை விட்டுவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது, அதுவும் இலவசமாக. ஜெர்ஸி சிட்டியிலிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 60 மைல் போய், 12ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் ஹோப் என்ற ஊரும், அதைக் கடந்து பிளேர்ஸ்டவுனும் வரும். படத்தின் தொடக்கத்தில் சமையல் வேலைக்காக ஊருக்கு வரும் இளம்பெண் முதுகுப் பையோடு நடந்து வருகிறாளே, அந்தக் கல் வளைவு பழைய ஆலைக் கட்டடத்தின் கீழே அப்படியே இருக்கிறது. 94ஆம் எண் சாலையில் இருக்கும் பிளேர்ஸ்டவுன் டைனர் என்ற உணவகமும் படத்தில் வருவதுதான்; உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம், ஊழியர்களுக்கு ரசிகர்கள் புதியவர்கள் அல்லர். முதன்மைத் தெருவில் ராய்ஸ் ஹால் என்ற பழைய திரையரங்கு இருக்கிறது; இந்தப் படத்தை அவ்வப்போது அங்கேயே திரையிடுகிறார்கள், நாள் பொருந்தினால் விட்டுவிடாதீர்கள். ஹோப் ஊரின் கல்லறைத் தோட்டமும் படத்தில் வருகிறது. அங்கே உண்மையான மனிதர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதால், முகமூடி அணிந்து கல்லறை மேல் சாய்ந்து படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

முகமூடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படவரிசையின் அடையாளமாகிவிட்ட ஹாக்கி முகமூடி இந்த ஊருக்கே சொந்தமில்லாதது. அது 1982இல் வந்த மூன்றாம் படத்தில்தான் முதலில் தோன்றுகிறது, அந்தப் படம் எடுக்கப்பட்டதோ கலிஃபோர்னியாவில். முதல் படத்தின் கொலையாளி யார் என்பதை, இன்னும் பார்க்காதவர்களை முன்னிட்டு, நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் முகமூடியும் நிஜ வெட்டுக்கத்தியுமாகக் காரில் ஏறி வராதீர்கள். நியூ ஜெர்ஸியின் ஆயுதச் சட்டம் கடுமையானது. எந்தச் சூழ்நிலையில் வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்துச் சாதாரணக் கத்தியே குற்றப் பொருளாகிவிடும். கன்வென்ஷனிலும் காஸ்பிளேவுக்கு, அதாவது பாத்திர வேடமணிந்து வருவதற்கு, கூர்மையான உலோக ஆயுதங்களை அனுமதிக்க மாட்டார்கள். நுரையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொம்மைக் கத்தி போதும்.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. அமெரிக்காவில் எந்தப் பெரிய கன்வென்ஷன் அறிவிக்கப்பட்டாலும், அதன் பெயரைச் சொல்லி அறை விற்கும் கூட்டம் ஒன்று கிளம்பிவிடுகிறது. தங்குமிடப் பிரிவு, அதிகாரபூர்வக் கூட்டாளி என்றெல்லாம் அறிமுகப்படுத்திக்கொள்வார்கள், அறைகள் தீரப்போகின்றன என்பார்கள், அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு ரத்துசெய்ய முடியாத பதிவு ஒன்றை நீட்டுவார்கள். சில நேரங்களில் அறை கிடைக்கும், கூடுதல் விலைக்கு; சில நேரங்களில் விடுதியின் முகப்பு மேசைக்கு உங்கள் பெயரே தெரிந்திருக்காது. ரசிகர் கன்வென்ஷன் நடத்துபவர்கள் பொதுவாக உங்களை அழைத்து அறை விற்பதில்லை. தங்கள் இணையதளத்தில் விடுதியின் பெயரையும் சலுகைக் கட்டணத்துக்கான இணைப்பையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அந்த இணைப்பு வழியாகப் பதிவு செய்யுங்கள், அல்லது விடுதியின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். பதிவு முடிந்ததும், முகவரின் எண்ணை அல்லாமல் விடுதியின் சொந்த உறுதிப்பாட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, மறுநாள் அதைச் சொல்லி முகப்பு மேசையிடம் ஒரு முறை சரிபாருங்கள். விடுதி நிரம்பிவிட்டிருந்தால் பதற வேண்டியதில்லை. செர்ரி ஹில் ஃபிலடெல்ஃபியாவின் ஓரத்தில் இருக்கும் புறநகர். சுற்றிலும் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஏன், ஜெர்ஸி சிட்டியிலிருந்தே காரில் போய்வரலாம்.

கன்வென்ஷனுக்குள் உங்கள் பணம் எங்கே போகும் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பாஸ் என்பது கதவைத் திறக்கும் கட்டணம் மட்டுமே. ஒவ்வொரு நடிகரின் மேசையிலும் ஆட்டோகிராஃபுக்குத் தனி விலை. பலர் 40 முதல் 80 டாலர் வரை கேட்பார்கள், பெரிய பெயர்கள் 100ஐத் தாண்டும். மேசையில் உங்கள் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளும் படம் ஒன்று, நடிகரோடு உங்களை நிறுத்திப் புகைப்படக்காரர் எடுக்கும் ‘போட்டோ ஆப்’ இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். மேசைகளில் ரொக்கத்தையே விரும்புகிறார்கள், விடுதி ஏடிஎம்மில் கட்டணமும் அதிகம், பணமும் தீர்ந்துபோகும். ஆகவே முன்பே எடுத்து வையுங்கள். விற்பனைக் கூடத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்ட படங்களைச் ‘சான்றிதழோடு’ விற்பவர்கள் இருப்பார்கள். அந்தச் சான்றிதழை விற்பவரே அச்சிட்டிருந்தால் அதற்குக் காகித மதிப்புக்கூட இல்லை. நடிகர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய கையெழுத்தை மூன்றாம் ஆளிடம் ஏன் வாங்க வேண்டும்?

அறிவிக்கப்பட்ட நடிகர் வராமல் போகக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு வந்துவிட்டது என்று கடைசி வாரத்தில் விலகுவது இங்கே வாடிக்கை. விருந்தினர் பட்டியல் மாறக்கூடும் என்று சிறிய எழுத்தில் போட்டுவிடுவதால் பாஸ் பணம் திரும்பாது. பெயரைக் காட்டி விற்றுவிட்டு, பெயர் விலகியதும் பணத்தைத் தர மறுக்கும் இந்த ஏற்பாட்டை வேறு எந்த வணிகத்திலும் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ள மாட்டார். ரசிகர்கள் மட்டும் ஆண்டுதோறும் பொறுத்துக்கொள்கிறார்கள். போட்டோ ஆப்பைத் தனியாக வாங்கியிருந்தால் நிலைமை பெரும்பாலும் வேறு, அந்தப் பணத்தைக் கேட்டுப் பெறுங்கள். எதை வாங்கினாலும் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். தகராறு என்று வந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

ஆகஸ்டுப் பயணத்தை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையே செர்ரி ஹில் போய்விடுங்கள், சனிக்கிழமையை விட வரிசை குறைவாக இருக்கும். பிளேர்ஸ்டவுனை அதே வார இறுதிக்குள் திணிக்காதீர்கள். செர்ரி ஹில் மாநிலத்தின் தென்மேற்கு, பிளேர்ஸ்டவுன் வடமேற்கு, இடையே இரண்டு மணி நேரத்துக்கு அருகில் ஓட்ட வேண்டும். வேறொரு நாள் காலையில் ஜெர்ஸி சிட்டியிலிருந்து நேராகப் போய், டைனரில் சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். தம்பியின் பயணத் தேதியை இன்னும் மாற்ற முடியும் என்றால், அக்டோபரையும் யோசிக்கலாம்: சில்லர் தியேட்டர் என்ற பழைய கன்வென்ஷன் வழக்கமாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் பார்சிப்பனியில் நடக்கிறது, பார்சிப்பனி இருப்பதோ பிளேர்ஸ்டவுனுக்குப் போகும் அதே 80ஆம் எண் நெடுஞ்சாலையில். அந்தப் பருவத்தில் முகாம் சுற்றுலா அறிவிக்கப்பட்டால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். சுற்றுலாத் தேதி உறுதியாகும் வரை விமானச் சீட்டைத் தொடாதீர்கள்.