டர்ன்டேபிள், டிரம்ஸ், சாம்ப்ளர் (ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கவிடும் கருவி) சேர்த்து வாசித்தால் பத்தே நிமிடத்தில் எல்லாம் இரைச்சலாகிவிடுவது ஏன்?

வாசிப்பவர்களைக் குறை சொல்லுமுன் ஊசியைச் சோதியுங்கள். இசைத்தட்டைச் சுழலவிடாமல் அதன்மேல் ஊசியை வையுங்கள். மிக்சரில் டர்ன்டேபிள் சேனலை மட்டும் திறந்து, வழக்கமான அளவுக்குச் சத்தத்தை ஏற்றிவிட்டு, கிக் டிரம்மை ஒரு மிதி மிதிக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் 'தும்' என்று கேட்டால், ஊசி மைக்காகிவிட்டது என்று அர்த்தம். அந்த அதிர்வு ஸ்பீக்கர் வழியாகத் திரும்ப ஊசிக்கே வந்து, அடித்தொனியில் ஒரு ஊளையாக வளரும்.

டர்ன்டேபிளையும் டிரம்ஸையும் ஒரே பலகை மேடையில் வைக்காதீர்கள். முடியாவிட்டால், பாதி காற்றடித்த சைக்கிள் டியூப்மேல் கனமான கல் பலகை, அதன்மேல் டர்ன்டேபிள். அந்தச் சேனலில் 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டிவிடுங்கள். பாஸுக்கு கிக் இருக்கிறது. ஊசியின் எடையைக் கூட்டினால் தாவல் குறையும், ஊளை குறையாது; தட்டுதான் தேயும். (இதே கோளாறை வாத்தியமாக்கியவர்களும் உண்டு. ஜப்பானிய இசைக்கலைஞர் ஒட்டோமோ யோஷிஹிதே தட்டே இல்லாமல் டர்ன்டேபிள் வாசிப்பவர். வேண்டுமென்று செய்தால் அது இசை.)

அடுத்த குற்றவாளி சாம்ப்ளர். டிரம்ஸை ஓவர்ஹெட் மைக்கிலிருந்து (தலைக்கு மேலே தொங்கும் மைக்) பிடித்தால், ஸ்பீக்கரில் ஓடும் பழைய லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) கூடவே பதிவாகும். நான்காவது அடுக்கில் சேறுதான். ஸ்நேர் டிரம்முக்கு நெருக்கமாக வைத்த ஒரே மைக்கிலிருந்து எடுங்கள். டர்ன்டேபிளை ஃபோனோ ப்ரீஆம்ப்புக்குப் (ஊசியின் சிக்னலைப் பெருக்கிச் சீராக்கும் கருவி) பிறகே சாம்ப்ளருக்கு அனுப்புங்கள். ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான். நேரே லைன் இன்புட்டில் செருகினால் பாஸ் இல்லாத கீச்சொலிதான் வரும். சாம்ப்ளரின் வெளியீடு மிக்சரைச் சுற்றி அதன் இன்புட்டுக்கே போகவில்லையே என்றும் பாருங்கள்.

இனி தாளம். 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 நொடி. டர்ன்டேபிள் கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லே செய்ததுபோல் தட்டில் ஸ்டிக்கர் ஒட்டி ஊசியை ஒரே பள்ளத்தில் திருப்பிவிட்டால், சுற்றுக்கு நான்கு அடி என்ற கணக்கில் நிமிடத்துக்கு 133 அடி வரும். டிரம்மர் தன்னையறியாமல் அதில் ஒட்டிக்கொள்வார். பிறகு விடுபடவே மாட்டார். அதனால் சாம்ப்ளரில் சிங்க்கை (தாளத்தோடு தானாக ஒத்துப்போகும் வசதி) அணைத்துவிட்டு, லூப்பை 2.5 நொடியில் வெட்டுங்கள். இரண்டும் 45 நொடிக்கு ஒருமுறைதான் சந்திக்கும். இடையில் டிரம்மர் எந்தப் பக்கமும் சாயலாம், சும்மாவும் இருக்கலாம்.

ஸ்டிக்கர் வேலைக்கு உருண்டை முனை ஊசி போதும், விலை குறைந்ததாகவே வாங்குங்கள். முனையில் பசை ஏறினால் உயர்தொனிகள்தான் முதலில் மங்கும். பின்னாலிருந்து முன்னாக மட்டும் பிரஷ்ஷால் துடையுங்கள்.