கடிவாளம் முதல் கல்யாணம் வரை: ஆங்கிலச் சொற்கள், வாசகர் கேள்விகள்

கேள்வி: கடிவாளத்தைக் குறிக்கும் 'பிரைடில்' வினைச்சொல்லாகவும் வருமா? அதன் மூலம் என்ன?

வரும். குதிரைக்குக் கடிவாளம் மாட்டுவது முதல் பொருள். கோபம், ஆசை, நாக்கு ஆகியவற்றை அடக்குவது அதிலிருந்து வந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன்பே, பழைய ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் இருந்த சொல் இது. சட்டென்று இழுப்பதைக் குறித்த 'பிரெக்டன்' என்பது வேர். பின்னலைச் சொல்லும் 'பிரெய்டு' அதே வேரில் பிறந்ததுதான். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், யாக்கோபு நிருபத்தில், நாவை அடக்காதவனைப் பற்றிய வசனத்தில் இந்த வினையைப் பார்க்கலாம்.

கேள்வி: 'பிரைடில்டு' என்றால் அடங்கிப்போனார் என்றுதானே அர்த்தம்?

எந்த வாக்கியத்தில்? சொல்லை மட்டும் பிய்த்து அனுப்பினால் எப்படிப் பதில் சொல்வது? பின்னால் 'அட்' இருந்தால் அர்த்தமே வேறு: ஒரு பேச்சு சுருக்கென்று தைத்து, முகத்தை வெடுக்கென நிமிர்த்திக்கொண்டார். வாரை இழுத்ததும் குதிரை தலையைத் தூக்கி முகவாயை உள்ளிழுக்குமே, அந்த அசைவுதான் இது. அடுத்த முறை முழு வாக்கியத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: மணப்பெண்ணுக்குக் கடிவாளம் போடுவதால்தான் 'பிரைடு' என்று பெயர் வந்ததாமே? வாட்ஸ்அப்பில் படித்தேன்.

இந்தக் கதை எனக்கு வராத மாதம் இல்லை. முழுப் பொய். மணப்பெண்ணைக் குறித்த பழைய சொல் 'பிரூட்'. ஜெர்மனில் 'பிரவுட்' அதன் உறவு. கடிவாளத்தின் பழைய வடிவம் 'பிரிக்டெல்ஸ்'. இரண்டும் வேறு வேறு வேர்கள். கல்யாணம் சார்ந்தது என்று பொருள்படும் 'பிரைடல்' வந்த வழி இன்னும் சுவையானது: மணப்பெண்ணோடு 'ஏல்' என்ற பார்லி மது சேர்ந்து, முதலில் கல்யாண விருந்தையே குறித்தது. கடைசியில் உள்ள 'அல்' விகுதி போலத் தெரிந்ததால், பிற்காலத்தில் அதைப் பெயரடையாக்கிவிட்டார்கள். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நம்பாதீர்கள். பழைய எழுத்து வடிவத்தைப் பாருங்கள்.

பெண்களுக்குக் கடிவாளம் மாட்டிய கொடுமை நடந்தது உண்மை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 'வாயாடி' என்று பழி சுமத்திய பெண்களின் தலையில் இரும்புக் கூண்டை மாட்டி, நாக்கை ஒரு தகட்டால் அழுத்தித் தெருவில் நடத்தினார்கள். அந்தக் கருவிக்குப் பெயர் 'ஸ்கோல்ட்ஸ் பிரைடில்'. இந்த வரலாற்றைச் சொல்லுங்கள், வேண்டிய மட்டும் சொல்லுங்கள். அதற்குப் போலி வேர்ச்சொல் எதற்கு?

கேள்வி: குதிரையை வண்டியில் பூட்டும் வார்களைச் சொல்லும் 'ஹார்னஸ்' குதிரைச் சொல்தானா?

பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது போர்வீரனின் கவசத்தையும் தளவாடத்தையும் குறித்தது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் 'கவசத்தோடு சாவோம்' என்று மாக்பெத் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது.

கேள்வி: 'கர்ப்' என்றால் நடைபாதை ஓரமா, கடிவாளமா?

இரண்டும். வளைவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் மூலம். நடைபாதை ஓரத்தை பிரிட்டனில் 'கே' எழுத்தில் தொடங்குவார்கள். இங்கேயும் வாக்கியம் வேண்டும்!

கேள்வி: இங்கிலாந்தில் 'பிரைடில்வே' என்ற குதிரைப் பாதையில் சைக்கிள் போகலாமா?

1968 சட்டத்திலிருந்து போகலாம். நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழி விட வேண்டும். அப்புறம், உங்கள் கடிதத்தில் இருப்பது போல 'பிரைடல்வே' என்று எழுதாதீர்கள்.