15,000 ரூபாய்க்கு இன்டர்நேஷனல் அம்பயர் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. திண்டுக்கல்லில் தனியார் பள்ளி ஆசிரியை. மகன் இரண்டு வருடமாக டேபிள் டென்னிஸ் ஆடுகிறான். அவனோடு போட்டிகளுக்குப் போய் உட்கார்ந்து உட்கார்ந்து, அம்பயர் ஆக வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. கல்லூரியில் ஆடியிருக்கிறேன், மாநில அளவில் ஆடியதில்லை. 15,000 ரூபாய் கட்டினால் இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு நடத்தி, நேரடியாக 'இன்டர்நேஷனல் அம்பயர்' சர்டிபிகேட் வாங்கித் தருவதாக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா? வேண்டாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்றால், திருப்பிக் கேளுங்கள். கிடைக்காது, ஆனாலும் கேளுங்கள்.

'இன்டர்நேஷனல் அம்பயர்' என்பது உலக டேபிள் டென்னிஸ் சம்மேளனமான ஐ.டி.டி.எஃப். தருகிற தகுதி. அந்தத் தேர்வுக்கு நீங்களாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் நாட்டுச் சம்மேளனம் உங்கள் பெயரைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். நம் நாட்டில் அது டி.டி.எஃப்.ஐ., அதாவது இந்திய டேபிள் டென்னிஸ் சம்மேளனம். அது பரிந்துரைக்க வேண்டுமானால் நீங்கள் முதலில் நேஷனல் அம்பயராக இருக்க வேண்டும். நேஷனல் அம்பயர் ஆக மாநிலச் சங்கம் உங்களை அனுப்ப வேண்டும். மாநிலச் சங்கத்துக்கு உங்களைத் தெரிய வேண்டுமானால் மாவட்டப் போட்டிகளில் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வரிசையில் இரண்டு நாள் வகுப்பு எங்கே நுழையும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆசாமி தரப்போகும் காகிதத்தில் பெரிய முத்திரை இருக்கும், உலக உருண்டை ஒன்று இருக்கும், 'இன்டர்நேஷனல்' என்ற சொல் மூன்று இடத்தில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒரு போட்டிக்குப் போனால், ரெஃப்ரி சிரித்துவிட்டு ஸ்கோர் போர்டு திருப்ப உட்கார வைப்பார். இப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் அதை லேமினேட் செய்துகொண்டே வந்தார். சர்டிபிகேட்டில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தின் அழகை அல்ல, கையெழுத்துப் போட்ட சங்கம் டி.டி.எஃப்.ஐ.யின் அங்கீகாரத்தில் இருக்கிறதா என்பதை. நம் மாநிலத்தில் அது தமிழ்நாடு டேபிள் டென்னிஸ் சங்கமும் அதன் கீழ் வரும் மாவட்டச் சங்கங்களும்தான். பெயரில் 'ஆல் இந்தியா', 'ஃபெடரேஷன்', 'கவுன்சில்' என்று வந்துவிட்டாலே அங்கீகாரம் வந்ததாக ஆகாது.

இன்னொரு கூட்டம் உண்டு. இவர்கள் போலி சர்டிபிகேட் தரமாட்டார்கள், 'கேள்வி வங்கி' பி.டி.எஃப். விற்பார்கள். இதுவும் வேண்டாம். விதிப் புத்தகமும், அம்பயர்களுக்கும் ரெஃப்ரிகளுக்கும் ஐ.டி.டி.எஃப். எழுதியிருக்கும் வழிகாட்டிக் கையேடும் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. விற்கிற பி.டி.எஃப்.கள் பெரும்பாலும் பழசு. ஆட்டத்துக்கு நடுவே கோச் ஆலோசனை சொல்லக் கூடாது என்று ஒன்றில் போட்டிருந்தது. 2016 அக்டோபரிலிருந்தே, ஆட்டம் தாமதமாகாத வரை ஒவ்வொரு பாயின்டுக்கும் இடையில் சொல்லலாம். பேட்டின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்புதான் என்று இன்னொன்றில். கறுப்பு ஒரு பக்கம் கட்டாயம் என்பது சரி. ஆனால் 2021 அக்டோபரிலிருந்து மறுபக்கத்தில் சிவப்புக்குப் பதில் பிங்க், ஊதா, பச்சை, நீல ரப்பரும் ஒட்டலாம். காசு கொடுத்து வாங்கிய பழைய விடையை எழுதித் தேர்வில் தோற்பதைவிட, இலவசப் புத்தகத்தை நான்கு முறை படிப்பது நல்லது. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். மேலே போகப் போக ஸ்கோர் சொல்வதிலிருந்து தேர்வு வரை எல்லாம் ஆங்கிலம்தான். நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு இது ஒரு பொருட்டல்ல.

சரி, எங்கே தொடங்குவது?

உங்கள் மாவட்டத்தில் அடுத்து நடக்கும் போட்டிக்குப் போங்கள். அங்கே ரெஃப்ரி யார் என்று கேளுங்கள். ரெஃப்ரி வேறு, அம்பயர் வேறு. அம்பயருக்கு ஒரு மேட்ச், ரெஃப்ரிக்கு மொத்தப் போட்டியும். பந்து மேசையில் பட்டதா இல்லையா என்பது போல நடந்ததைச் சொல்ல வேண்டிய விஷயத்தில் அம்பயர் சொன்னதுதான் முடிவு, ரெஃப்ரிகூட மாற்ற முடியாது. விதிக்கு என்ன பொருள் என்று தகராறு வந்தால்தான் ரெஃப்ரியிடம் போகும். இப்போதைக்கு இந்த அளவு வித்தியாசம் தெரிந்தால் போதும்.

அவரிடம் போய், "சார், அம்பயரிங் கத்துக்க வந்திருக்கேன், ஏதாவது மேசையில உட்கார வைங்க" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார். மாவட்டப் போட்டிகளில் ஆள் பஞ்சம் அப்படி. காலையில் தோற்றுப்போன பையனையே அடுத்த மேட்சுக்கு அம்பயராக உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதலில் உதவி அம்பயர் வேலை தருவார்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மேசையின் உங்கள் பக்க ஓரத்தில் பந்து உரசியதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், எதிரே இருக்கும் அம்பயர் சொல்ல முடியாது. சர்வீஸ் தவறு என்றும் நீங்கள் சொல்லலாம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, போட்டியின் பெயர், எத்தனை மேட்ச், ரெஃப்ரியின் கையெழுத்து. யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றும். நானும் அப்படித்தான் விட்டேன். மாநிலத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, நான் இரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு சங்கத்தில் என் பெயரே எந்தத் தாளிலும் இல்லை. டீ வாங்கி வந்த கணக்கு இருந்தது, நான் உட்கார்ந்த கணக்கு இல்லை.

அடுத்தது மாநில அளவுத் தேர்வு, அதற்குப் பிறகு டி.டி.எஃப்.ஐ. நடத்தும் நேஷனல் அம்பயர் தேர்வு. எழுத்துத் தேர்வோடு நிற்காது, மேசையருகே நிறுத்தியும் பார்ப்பார்கள். உங்கள் பொறுமை சோதிக்கப்படுவது தேர்வில் அல்ல, தேர்வு அறிவிப்பில். இது ரயில்வே தேர்வு மாதிரி பேப்பரில் வராது. சங்கத்துக்குக் கடிதம் வரும், செயலர் குழுவில் போடுவார், அந்தக் குழுவில் நீங்கள் இருக்க வேண்டும், கடைசித் தேதிக்கு முன்னால் அதைப் பார்க்கவும் வேண்டும். நல்ல அம்பயர்கள் பலர் இந்த ஒரே காரணத்தால் வருடக்கணக்கில் தேங்கி நின்றதை அறிவேன். விளையாட்டு நிர்வாகம் இங்கே அடிக்கடி நீதிமன்றப் படியும் ஏறும். 2022 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் டி.டி.எஃப்.ஐ.யையே இடைநிறுத்தி ஒரு நிர்வாகக் குழுவிடம் ஒப்படைத்தது. அதனால் மாதம் ஒரு முறை செயலரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். தொந்தரவு என்று நினைத்தால் நினைக்கட்டும்.

தேர்வில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சர்வீஸ்.

விதி எளிமையானதுதான். பந்து விரிந்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். சுழற்றாமல், ஏறக்குறைய நேராக, குறைந்தது 16 செ.மீ. உயரத் தூக்கிப் போட வேண்டும். பந்து மேசை மட்டத்துக்கு மேலே, பின்கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எதிராளிக்குப் பந்து மறையக் கூடாது. தூக்கிப் போட்ட கையை உடனே விலக்கிவிட வேண்டும். இதில் சந்தேகம் வந்தால் முதல் முறை எச்சரிக்கை, அதற்குப் பிறகு பாயின்ட் எதிராளிக்கு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதனால்தான், "பந்தை உள்ளங்கையிலிருந்தே நேராக அடித்துவிட்டார், முதல் முறை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "எச்சரிப்பேன்" என்று எழுதுகிறார்கள்.

தப்பு. எச்சரிக்கை சந்தேகத்துக்கு மட்டும்தான். 16 செ.மீ. வந்ததா, 14தானா என்று உங்களுக்கே உறுதியில்லையா? 'லெட்', அதாவது யாருக்கும் பாயின்ட் இல்லை என்று சொல்லி நிறுத்தி எச்சரியுங்கள். பந்து மேலேயே போகவில்லை என்று கண்ணால் தெளிவாகப் பார்த்தீர்களா? எச்சரிக்கை கிடையாது. முதல் சர்வீஸாக இருந்தாலும், ஆடுவது பத்து வயதுக் குழந்தையாக இருந்தாலும் பாயின்ட் எதிராளிக்கு. குழந்தை அழும், அம்மா உங்களை முறைப்பார். விதி அதுதான்.

இதற்குள் இன்னொன்று இருக்கிறது. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவருக்கு எச்சரிக்கை கொடுத்தீர்கள். பத்து நிமிடம் கழித்து அவருடைய ஜோடி போட்ட சர்வீஸில் சந்தேகம். இவருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டா? இல்லை. அந்த மேட்சில் அந்த ஜோடிக்கு ஒரே எச்சரிக்கைதான், அது செலவாகிவிட்டது. முதலில் உயரத்துக்காக எச்சரித்தீர்கள், இப்போது மறைப்பதில் சந்தேகம், காரணம் வேறாயிற்றே என்றால்? அப்போதும் இல்லை. அடுத்த மேட்சுக்கு இந்த எச்சரிக்கை தொடருமா? தொடராது, அங்கே கணக்கு புதிது. மாற்றுத்திறனாளி ஒருவர் ஆடுகிறார், உடல்நிலையால் உள்ளங்கையை விரிக்க முடியவில்லை. அங்கே மட்டும் அம்பயர் விதியைத் தளர்த்தலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் "அவருக்குக் கை முடியாதாம்" என்று பார்வையாளர் கூட்டத்திலிருந்து யாரோ சொல்வதை வைத்து அல்ல. இந்த ஒரு பத்தியை மனதில் போட்டுக்கொண்டால் போதும், தேர்வில் பாதிப் பயம் போய்விடும். ஆட்டத்தை விரைவுபடுத்தும் 'எக்ஸ்பெடைட்' முறை, சக்கர நாற்காலி ஆட்டத்தின் தனி விதிகள் இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'அம்பயர் கிட்' என்று ஒரு பையை 3,000 ரூபாய்க்குத் தலையில் கட்டுவார்கள். ஒரு நாணயம், ஒரு ஸ்டாப் வாட்ச், பேனா, மஞ்சள், சிவப்பு அட்டைகள், நெட் உயரம் பார்க்கும் கேஜ். நாணயம் வீட்டிலேயே இருக்கிறது. கேஜ் மட்டும் கடையில் வாங்குங்கள். நெட் 15.25 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். மேட்ச் தொடங்கும் முன் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் சரியாக நின்று நடுவில் தொய்கிற நெட்டுகள்தான் நம் ஊர்களில் அதிகம். கிளாம்ப் திருகை முறுக்கினாலும் ஏறாது, கயிற்றை அவிழ்த்துத்தான் இழுத்துக் கட்ட வேண்டும். அடுத்து பேட்டை வாங்கி, கைப்பிடிக்கு மேலே ரப்பரில் ஐ.டி.டி.எஃப். முத்திரை தெரிகிறதா, ரப்பர் ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆடுபவர் பொறுமையில்லாமல் நிற்பார். நிற்கட்டும்.

மகன் ஆடும் மேட்சில் உட்காராதீர்கள். "நம்ம பசங்கதானே, பரவாயில்லை" என்று அமைப்பாளர்களே சொல்வார்கள், மகனின் கோச்சும் சொல்வார். எழுந்து வந்துவிடுங்கள். சர்வதேசப் போட்டிகளில் பொதுவாக ஆடுபவரின் நாட்டு அம்பயரையே அந்த மேட்சுக்குப் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தைத் திண்டுக்கல்லிலேயே தொடங்கலாம்.

இன்டர்நேஷனல் அம்பயர் ஆன பிறகும் முடிந்துவிடாது. ப்ளூ பேட்ஜ் என்று அடுத்த படி உண்டு. அதற்கு மேல்நிலைப் பயிற்சி, கடினமான விதித் தேர்வு, உண்மையான சர்வதேசப் போட்டிகளில் நீங்கள் உட்காரும்போது பின்னால் இருந்து மதிப்பெண் போடும் ஆட்கள் என்று எல்லாம் இருக்கும். அதற்கும் மேலே இப்போது கோல்ட் பேட்ஜ். ஒலிம்பிக்கில் பார்க்கும் அம்பயர்கள் அந்த வரிசையிலிருந்து வருகிறவர்கள். இதையெல்லாம் இப்போதே நினைத்துக் குழம்ப வேண்டாம். ஆனால் பணத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இது சம்பள வேலை அல்ல. போட்டி நடத்துபவர் தங்குமிடமும் சாப்பாடும் தருவார், சிறிய தினப்படி உண்டு. வெளியூர், வெளிநாடு என்றால் பல நேரங்களில் டிக்கெட் நம் கைக்காசு. 'மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிக்கலாம்' என்று எவராவது சொன்னால் அவரும் முதல் ஆசாமியின் பங்காளிதான்.

வயதும் மாநில அளவில் ஆடாததும் தடையே இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் மோசமான அம்பயர்கள். பந்து விழுவதற்கு முன்பே எங்கே விழும் என்று ஊகித்துவிடுவார்கள், விழுந்ததைப் பார்ப்பதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் யார் என்ன செய்கிறான் என்று திரும்பாமலே தெரிந்துகொள்ளும் கண் உங்களிடம் இருக்கிறது. விடுமுறை கிடைப்பதுதான் உங்களுக்கு உண்மையான சிக்கலாக இருக்கும். போட்டிகள் மூன்று, நான்கு நாள் நடக்கும், தனியார் பள்ளியில் அத்தனை நாள் விடமாட்டார்கள். முதல் வருடம் சனி, ஞாயிறு மட்டும் போங்கள். ரெஃப்ரியிடம் முன்பே சொல்லிவிட்டால் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் மேசை ஒதுக்குவார்.

அந்த வாட்ஸ்அப் ஆசாமிக்குப் பதில் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், "பணம் கட்டுகிறேன், முதலில் டி.டி.எஃப்.ஐ. கொடுத்த அங்கீகாரக் கடிதத்தை அனுப்புங்கள்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பிப் பாருங்கள். நீல டிக் விழும், பதில் வராது.